ராக் ரெயிலில் மாட்டும் கழற்றக்கூடிய படிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாறைப்பாதைக்கு என்று வண்டியைத் தயார் செய்பவர்கள் பெரும்பாலும் முதலில் போடுவது ராக் ரெயில், அதாவது கதவின் அடியைப் பாறையிலிருந்து காக்கும் எஃகுக் குழாய். அடுத்து வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட்டும் பெரிய டயரும் வரும். அதற்குப் பிறகுதான் வீட்டில் உள்ளவர்கள் வண்டியில் ஏறச் சிரமப்படுவது கண்ணில் படும். ரெயிலையும் விடாமல் படியும் வேண்டும் என்றால் கழற்றி மாட்டும் படிதான் வழி. அதைத் தேர்ந்தெடுக்கும்போது எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

ராக் ரெயிலும் சாதாரண சைடு ஸ்டெப்பும் ஒன்றுதானே?

தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும். செய்யும் வேலை வேறு. ராக் ரெயில் என்பது தடித்த எஃகுக் குழாய். சிலவற்றில் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு குழாய் இருக்கும். கதவுக்குக் கீழே இருக்கும் உடல் விளிம்பை ஒட்டி ஓடும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் நேரடியாகப் பிடித்திருக்கும். வண்டியின் ஒரு பக்க எடை முழுவதும் ஒரு பாறைமீது உட்கார்ந்தாலும் அது தாங்க வேண்டும். சாதாரண சைடு ஸ்டெப் ஓர் ஆளின் எடையை மட்டும் தாங்கச் செய்தது. மெல்லிய பிராக்கெட்டில் தொங்கும். பாறையில் பட்டால் மடங்கி, தான் காப்பாற்ற வேண்டிய கதவு விளிம்பையே உள்ளே தள்ளிவிடும். அதனால் ரெயிலைக் கழற்றிவிட்டு சைடு ஸ்டெப் போடலாமா என்று கேட்டால், பாறைப்பாதைக்குப் போகிறவர் என்றால் வேண்டாம் என்பேன்.

ரெயில் மேலேயே கால் வைத்து ஏறிக்கொள்ளலாமே?

முடிகிறவர்கள் அப்படியே ஏறிக்கொள்ளுங்கள். அதுதான் நல்லது. ஆனால் ரெயில் உடலோடு ஒட்டி உயரமாக இருக்கும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. வண்டி உயர்ந்தால் அதுவும் உயரும். 32 அங்குல டயரிலிருந்து 35 அங்குல டயருக்கு மாறினால் விட்டம் 76 மி.மீ. கூடுகிறது, வண்டி அதில் பாதி, அதாவது 38 மி.மீ. உயர்கிறது. கூடவே 2 அங்குல லிஃப்ட் போட்டால் இன்னும் 50 மி.மீ. மொத்தம் 9 செ.மீ. அளவுக்கு ரெயில் மேலே போய்விடுகிறது. இளைஞருக்கு இது பொருட்டே இல்லை. முழங்கால் வலி உள்ளவருக்கும், கர்ப்பிணிக்கும், ஐந்து வயதுக் குழந்தைக்கும் அந்த 9 செ.மீ. பெரிய தடை.

அப்படியென்றால் ஒரு படியை ரெயிலோடு நிரந்தரமாக வெல்டு செய்துவிடலாமா?

இதைச் செய்தால் ரெயில் போட்டதன் பயன் பாதி போய்விடும். ஏன் என்று ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். ஒரு மேட்டைக் குறுக்கே தாண்டும்போது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் வண்டியின் அடி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் வண்டி தட்டுமா தாண்டுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

மூன்று கதவு சுஸுகி ஜிம்னியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான தூரம் 2,250 மி.மீ. அதன் ரெயில் தரையிலிருந்து 350 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டயர் தரையைத் தொடும் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டால் தாண்டக்கூடிய கோணம் சுமார் 35 டிகிரி. அதே ரெயிலில் 120 மி.மீ. கீழே இறங்கும் படியை நடுவில் மாட்டினால் அது 23 டிகிரி ஆகிவிடும். நான்கு கதவு ஜீப் ராங்லரில் அந்தத் தூரம் இன்னும் அதிகம், 3,008 மி.மீ. அங்கே இதே உயரங்களுக்கு 26 டிகிரி 17 டிகிரியாகக் குறையும். டயர் வளைவாக இருப்பதால் உண்மையான கோணம் கொஞ்சம் கூடுதலாக வரும். ஆனால் இழப்பு இதே அளவில்தான் இருக்கும். லிஃப்ட் போட்டுச் சேர்த்த உயரத்தைவிட அதிகமாக ஒரு படி பறித்துக்கொண்டுவிடுகிறது.

பாறை மட்டும் பிரச்சினை இல்லை. ஆழமான சக்கரத்தடங்களில் வண்டி இறங்கினால் தொங்கும் படி ஓரத்து மண்ணில் இழுபடும். மணலில் புதைந்தால் கலப்பை மாதிரி உழுது வண்டியைப் பிடித்து நிறுத்தும். புதர்ப்பாதையில் கிளைகளும் கம்பிவேலியும் அதில் மாட்டிக்கொள்ளும். ஆகவே பாதை தொடங்கும் இடத்தில் கழற்ற வேண்டும், சாலைக்குத் திரும்பியதும் மாட்ட வேண்டும்.

சந்தையில் என்னென்ன வகைகள் இருக்கின்றன?

அதிகம் பார்ப்பது கிளாம்ப் வகை. இரண்டு அரைவட்டப் பிடிகள் ரெயில் குழாயைச் சுற்றிக் கவ்வும், போல்ட் போட்டு இறுக்க வேண்டும். எந்த ரெயிலுக்கும் பொருந்தும், துளை போட வேண்டாம். ஆனால் கழற்ற ஸ்பேனர் வேண்டும்.

அடுத்தது சாக்கெட்டும் பின்னும். ரெயிலின் அடியில் ஒரு சிறு சதுரக்குழாய் நிரந்தரமாக இருக்கும். படியின் தண்டை அதில் செருகி, குறுக்கே ஒரு பின்னை (பூட்டும் ஆணியை)ப் போட்டு, அது விழாமல் கிளிப் மாட்டினால் முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்தது இந்த வகைதான். கருவி எதுவும் தேவையில்லை, சேற்றுக் கையோடும் கழற்றலாம். ஒரு குறை: சாக்கெட் எப்போதும் வண்டியிலேயே இருக்கும். அது ரெயிலின் அடிமட்டத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருந்தால் முதல் பாறையிலேயே நசுங்கும். ரெயிலின் உள்குழாய்க்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில், அடிமட்டத்துக்கு மேலே ஒளிந்திருக்கும் சாக்கெட்டாகப் பார்த்து எடுங்கள்.

மூன்றாவது கொக்கி வகை. இரட்டைக்குழாய் ரெயிலில் படியின் மேல்கொக்கி ஒரு குழாயில் தொங்கும், கீழ்க்கை இன்னொரு குழாயில் முட்டுக்கொடுக்கும். ஆள் ஏறினால் எடையே அதை இறுக்கும். ஆனால் வண்டி குலுங்கும்போது கொக்கி எகிறி விழாமல் இருக்க ஒரு பூட்டு கட்டாயம் வேண்டும். பூட்டு இல்லாத கொக்கிப்படியோடு நெடுஞ்சாலையில் போகாதீர்கள். பின்னால் வருபவரின் கண்ணாடியில் போய் விழும் பொருள் அது.

நாடாப்படி என்று ஒன்றும் உண்டு. கனமான நைலான் நாடாவில் ஒரு பலகையோ வளையமோ தொங்கும். மடித்தால் கையளவுதான், பாறையில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் கால் வைத்ததும் அது வண்டிக்கு அடியில் உள்ளே ஓடும். முதியவருக்கு இது படியே இல்லை. அவசரத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கிளாம்ப் படி மாட்டினேன். கால் வைத்தால் சுழன்று கீழே இறங்குகிறது. இறுக்கியது போதவில்லையா?

பெரும்பாலும் இறுக்கத்தின் குறை அல்ல, அமைப்பின் குறை. 90 கிலோ எடையுள்ள ஒருவர், குழாயின் மையத்திலிருந்து 150 மி.மீ. தள்ளிக் கால் வைக்கிறார் என்று கொள்ளுங்கள். குழாயைச் சுற்றிச் சுழற்றும் விசை சுமார் 130 நியூட்டன் மீட்டர். ரெயில் குழாயின் விட்டம் 1.75 அங்குலம் என்றால் ஆரம் வெறும் 22 மி.மீ.தான். அந்தச் சிறிய ஆரத்தில் சுழற்சியைத் தடுக்க, உராய்வு கிட்டத்தட்ட 6,000 நியூட்டன் கொடுக்க வேண்டும். 600 கிலோ எடையைப் பிடித்து நிறுத்துவதற்குச் சமம். வழவழப்பான பவுடர் கோட்டிங் மேல், நடுவில் ரப்பர் வைத்து, இதை எதிர்பார்க்கவே முடியாது. ஆள் குதித்து இறங்கினால் விசை இன்னும் கூடும்.

போல்ட்டை மேலும் மேலும் முறுக்கினால் கிளாம்ப் கோணும், இல்லையென்றால் போல்ட்டின் மரை போகும். எம்10 அளவு, 8.8 தரப் போல்ட் என்றால் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரைதான் வழக்கம். படியோடு வந்த தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

சரியான தீர்வு, படிக்கு இரண்டாவது தாங்குபுள்ளி ஒன்று இருப்பது. வெளிக்குழாயைக் கவ்விய படியிலிருந்து ஒரு கை உள்ளே போய், உள்குழாயிலோ சேசிஸுக்குப் போகும் காலிலோ முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போது சுழற்சியை உராய்வு தடுக்க வேண்டியதில்லை, எஃகே தடுக்கும். ஒற்றைக்குழாய் ரெயில் வைத்திருப்பவர்கள் கிளாம்ப் வகையை மறந்துவிட்டு சாக்கெட் வகையைப் பாருங்கள்.

கழற்ற எவ்வளவு நேரம் ஆனால் நல்ல படி?

வாங்கும்போது எல்லோரும் விலையையும் தோற்றத்தையும் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் நீங்கள் அதைக் கழற்ற மாட்டீர்கள். வெயில், மழை, பின்னால் காத்திருக்கும் வண்டிகள் என்று ஏதோ ஒரு காரணம் வரும். 'இன்றைக்குச் சின்னப் பாதைதானே' என்று அப்படியே உள்ளே போவீர்கள். கழற்றாத கழற்றும் படி, நிரந்தரப் படிதான்.

கடையில் சுத்தமான மேசைமேல் வைத்துக் கழற்றிக் காட்டுவதை நம்ப வேண்டாம். குனிந்து, ஒரு கையால், கையுறையோடு எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். பின்னின் வளையத்தில் கையுறை போட்ட விரல் நுழைய வேண்டும். சாக்கெட்டில் ஈரமண்ணை அடைத்து, அது காய்ந்த பிறகு இழுத்துப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. தண்டுக்கும் சாக்கெட்டுக்கும் இடையே துளி இடைவெளியும் இல்லாமல் செய்தவை அந்த நிலையில் வெளியே வராது. சாக்கெட்டின் மறுமுனை திறந்திருந்தால் மண் தானாகவே வெளியேறும்.

எவ்வளவு கீழே இறங்க வேண்டும்?

விளம்பரத்தில் போட்டிருக்கும் எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். யார் ஏறப்போகிறாரோ அவரை அழைத்துக்கொள்ளுங்கள். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, கீழே உறுதியான பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒவ்வோர் உயரத்திலும் அவர் ஏறி இறங்கட்டும். சிரமமில்லாமல் ஏறும் உயரம் கிடைத்ததும் தரையிலிருந்து பலகையின் மேல்மட்டம் வரை அளந்துகொள்ளுங்கள். ரெயிலின் உயரத்திலிருந்து அதைக் கழித்தால் உங்களுக்குத் தேவையான இறக்கம். வீட்டு மாடிப்படி ஒவ்வொன்றும் 150 முதல் 180 மி.மீ. வரை இருக்கும். வண்டியில் அவ்வளவு வசதி கிடைக்காது. தரையிலிருந்து படி, படியிலிருந்து வண்டியின் தரை, இந்த இரண்டு ஏற்றமும் ஏறக்குறையச் சமமாக இருந்தால் உடல் தடுமாறாது.

வெளியே எவ்வளவு நீட்டியிருக்க வேண்டும்?

இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ரெயிலுக்கு நேர் கீழே இருக்கும் படியில் ஏறும்போது கால்விரல் உள்ளே போய், கணைக்கால் ரெயிலில் இடிக்கும். இறங்கும்போது இன்னும் மோசம். இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்குப் படி கண்ணுக்கே தெரியாது, கால் துழாவும். ரெயிலின் வெளி விளிம்பைத் தாண்டி ஒரு பாதி பாதமாவது வெளியே வந்தால்தான் நம்பிக்கையோடு கால் வைக்கலாம்.

அதே சமயம் டயரின் வெளிப்பக்கத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் நடந்துபோகிறவர் காலில் இடிக்கும், சக்கரம் போன வழியில் படி போகாது. உடலுக்கு வெளியே நீட்டும் பாகங்களுக்குப் பல நாடுகளில் சட்டக் கட்டுப்பாடும் உண்டு. உங்கள் ஊர் விதியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கால் வைக்கும் தட்டு 250 மி.மீ. நீளமும் 120 மி.மீ. அகலமும் இருந்தால் பூட்ஸ் போட்ட காலுக்குப் போதும்.

ஒரு பக்கத்துக்கு எத்தனை படி? எந்த இடத்தில்?

கதவுக்கு ஒன்று. முன்கதவில், இருக்கையின் முன்விளிம்புக்கு நேர் கீழே தொடங்கி முன்னோக்கி இருந்தால் நல்லது. ஏறும்போது கால் அங்கிருந்துதான் உள்ளே போகும். பின்கதவில் சக்கர வளைவு பாதி இடத்தை எடுத்துக்கொள்வதால், நடுத்தூண் பக்கமாகத் தள்ளி வையுங்கள். மாட்டுவதற்கு முன் கதவுகளை முழுவதும் திறந்து மூடி, கதவின் அடிப்பகுதி எதிலும் இடிக்காமல் இருக்கிறதா பாருங்கள்.

எஃகா, அலுமினியமா?

அலுமினியத்தின் அடர்த்தி எஃகில் மூன்றில் ஒரு பங்குதான். கழற்றித் தூக்கி உள்ளே வைக்கும் பொருளுக்கு இது நிஜமான வசதி. ஆனால் அலுமினியம் ஒருமுறை மடங்கினால், நிமிர்த்தும்போது விரிசல் விடும். வெல்டு செய்த இடத்தை ஒட்டி அதன் வலிமையும் குறைந்துவிடும். எஃகை அங்கேயே சுத்தியலால் தட்டி நேராக்கி ஊர் திரும்பலாம். முதியவர் கழற்றி மாட்ட வேண்டும் என்றால் அலுமினியம். மற்றபடி என் ஓட்டு எஃகுக்கு.

அலுமினியப் படியை எஃகு ரெயிலில் நேரடியாகத் தொடவிடாதீர்கள். இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவில் உப்பும் ஈரமும் சேர்ந்தால் அலுமினியம் அரிக்கும், வெள்ளைப் பொடியாகப் பூக்கும். அப்புறம் ஒட்டிக்கொண்டு கழறாது. நடுவில் நைலான் அல்லது ரப்பர் தகடு ஒன்று இருக்கட்டும்.

தட்டின் மேல்பரப்பு எப்படி இருக்க வேண்டும்?

துளையிட்டு, துளையின் விளிம்பு மேல்நோக்கி எழும்பிய தட்டுதான் சேற்றுக்கு ஏற்றது. சேறு துளை வழியாகக் கீழே விழும், விளிம்பு பூட்ஸைப் பிடிக்கும். செருப்பில்லாமல் ஏறும் குழந்தைகளுக்கு அது குத்தும். அவர்களுக்கு ரப்பர் தட்டு பரவாயில்லை. ஒட்டும் சொரசொரப்பு நாடா சில மாதங்களில் ஓரம் பெயர்ந்துவிடும்.

ரெயில் குழாயில் துளை போட்டு போல்ட் மாட்டலாமா?

கூடாது. ரெயில் வளையாமல் நிற்பது அந்தக் குழாயின் சுற்று முழுமையாக இருப்பதால்தான். வளைவு விசை மிக அதிகமாக இழுப்பதும் அழுத்துவதும் குழாயின் மேல் கீழ் விளிம்புகளில். அங்கே துளை போட்டால் விரிசல் தொடங்கும் இடத்தை நீங்களே அமைத்துக் கொடுக்கிறீர்கள். துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் துரு உள்ளிருந்து தின்னும். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் பளபளப்பாகவே இருக்கும்.

சாக்கெட்டை வெல்டு செய்வது?

செய்யலாம், தெரிந்தவர் செய்தால். முடிந்தவரை ரெயிலை வண்டியிலிருந்து இறக்கி வைத்து வெல்டு செய்யுங்கள். வண்டியிலேயே செய்துதான் ஆக வேண்டும் என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, வெல்டிங் இயந்திரத்தின் எர்த் கிளாம்ப்பை வெல்டு செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடியுங்கள். பிரேக் குழாயும் எரிபொருள் குழாயும் சேசிஸ் ஓரமாகத்தான் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். வெல்டு செய்த இடத்தில் பூச்சு எரிந்திருக்கும். அன்றே துத்தநாக பிரைமர் அடித்து மேலே பெயின்ட் பூச வேண்டும்.

கழற்ற மறந்து பாறையில் இடித்துவிட்டால்?

நல்ல படி அந்த நேரத்தில் உடைய வேண்டும், இல்லையென்றால் மேல்நோக்கி மடங்க வேண்டும். ரெயிலையோ சாக்கெட்டையோ இழுத்துக்கொண்டு போகக் கூடாது. படி இல்லாமல் வீடு திரும்பலாம், ரெயில் கோணி கதவை அடைத்தால் பெரிய செலவு. ஆகவே 'உடையவே உடையாது' என்று சொல்லி விற்கும் படியைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். ரெயிலின் வலிமைக்குச் சமமான வலிமை படிக்குத் தேவையில்லை. அதன் தட்டோ தண்டோ முதலில் வளைய வேண்டும்.

படியைப் பூட்டும் பின் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். துளையுள்ள இரண்டு தகடுகளுக்கு நடுவில் தண்டு நின்று, பின் இரு பக்கமும் தாங்கப்பட வேண்டும். ஒரே பக்கம் மட்டும் தாங்கப்படும் பின், அதே தடிமனில் பாதிச் சுமையைத்தான் தாங்கும்.

படியில் ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கலாமா?

ஒருபோதும் கூடாது. தயாரித்தவர் அனுமதித்திருந்தால் ரெயிலில் வைக்கலாம். படியில் வைத்தால் வண்டி ஆள்மேல் விழும்.

ஓடும்போது படி கடகடவென்று சத்தம் போடுகிறது.

சாக்கெட்டுக்கும் தண்டுக்கும் இடையில் உள்ள இடைவெளிதான் காரணம். தண்டில் ஒரு நைலான் பட்டையைச் சுற்றிப் பாருங்கள், இல்லையென்றால் தண்டை ஒரு பக்கமாக அழுத்தும் கைத்திருகு போடுங்கள். சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு ஓட்டினால் பின் செருகும் துளை நீள்வட்டமாகத் தேய்ந்துவிடும்.

மின்சாரப் படி இன்னும் வசதி இல்லையா?

கதவைத் திறந்ததும் தானாக இறங்கும், மூடினால் மேலே போகும். நகரத்தில் அதைவிட வசதி கிடையாது. ஆனால் மோட்டாரும் மூட்டும் வயரிங்கும் வண்டியின் அடியில் சேற்றிலும் தண்ணீரிலும் இருக்கும். மூட்டில் சிறு கல் சிக்கினால் இறங்கிய நிலையிலேயே நின்றுவிடும். அப்போது உங்களிடம் இருப்பது கழற்ற முடியாத தொங்கும் படி. எடுத்தால், ரெயிலுக்கு மேலே முழுவதும் ஒதுங்கும் அமைப்பாகவும், மோட்டார் செயலிழந்தால் கையால் மடக்க வழி உள்ளதாகவும் எடுங்கள்.

கூரையில் சாமான் கட்டத்தான் எனக்குப் படி வேண்டும்.

அதற்குத் தொங்கும் படி தேவையே இல்லை. ரெயிலில் நின்றுகொண்டு, கதவுப் பூட்டு கவ்வும் வளையத்தில் மாட்டும் சிறு படியைப் பயன்படுத்துங்கள். பையில் அடங்கும். கூரைக்குக் கை எட்டும்.

கழற்றிய படிகளை எங்கே வைப்பது?

வாங்கும்போதே யோசித்துவிடுங்கள். சேறு படிந்த நான்கு எஃகுத் துண்டுகளைப் பின்பக்கம் சும்மா போட்டால், முதல் இறக்கத்திலேயே இருக்கைக்கு முன்னால் பறந்து வரும். தடித்த தார்பாய்ப் பையில் போட்டு, தளத்தில் உள்ள கொக்கியோடு நாடாவால் கட்டுங்கள். பின்களையும் கிளிப்புகளையும் சிறு கம்பிவடத்தால் அந்தந்தப் படியோடு இணைத்துவிடுங்கள். கூடுதலாக இரண்டு பின், இரண்டு கிளிப் கருவிப்பெட்டியில் இருக்கட்டும். படி காணாமல் போவதில்லை, கிளிப்தான் புல்லில் விழுந்து தொலையும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பின்னுக்கும் சாக்கெட்டுக்கும் கிரீஸ் தடவுங்கள். கடலோரப் பயணம் போய்வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவித் தடவுங்கள்.